கூண்டு தொங்கும் புளோக்

என் மகளுக்கு நான்கு வயது. எண்களில் 20 வரைக்கும்தான் பழக்கம். எங்கள் புளோக் எண்ணோ மூன்று இலக்கம். அதனால் யாராவது "உன் வீடு எங்கே?" என்று கேட்டால், "மெர்போக் மாமா கூண்டு தொங்குமே, அந்த புளோக்" என்பாள். குழந்தைப் பேச்சு என்று சிரித்துக்கொள்வேன்.

அப்பா காலமான பிறகு, அம்மா தோ பாயோ வீட்டை விட்டு ஈசூனுக்கு எங்களுடன் வந்துவிட்டார். ஒரு மாலை ரொட்டி வாங்கக் கீழே போனவர் ஒன்றரை மணி நேரமாகத் திரும்பவில்லை. இரண்டு புளோக் தள்ளி, அதே மாடியில், அதே மூலையில் இருந்த வேறொரு வீட்டுக் கதவில் எங்கள் சாவியைப் போட்டுத் திருகியிருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது அந்த வீட்டு மலாய் மாது அம்மாவை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்திருந்தார். அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை.

முதுமை மறதி, ஆரம்பக் கட்டம் என்றார் மருத்துவர். இங்கு 60 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய 11 பேரில் ஒருவருக்கு இது இருப்பதாக மனநலக் கழகத்தின் ஆய்வு சொல்கிறது. செய்தியாகப் படித்தபோது யாருக்கோ என்றுதான் இருந்தது.

புளோக் எண்ணையும் மாடி எண்ணையும் கொட்டை எழுத்தில் எழுதி அம்மாவின் கழுத்தில் மாட்டிவிட்டேன். தினமும் ஒப்பிக்கச் சொன்னேன். ஒப்பித்தார், மறுநாள் மறந்தார். குரலை உயர்த்தினேன். மூன்றாம் நாள் அட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "நான் என்ன பொட்டலமாய்யா, விலாசம் ஒட்ட?" என்றார். அதோடு வெளியே போவதையே நிறுத்திவிட்டார்.

மறுபடியும் அவரைக் கீழே இழுத்துப் போனவள் மகள்தான். நான் பத்தடி பின்னால் நடந்தேன்.

"பாட்டி, ஊதுவத்தி வாசம் வருதா? அந்தச் சிவப்புச் சாமி மாடம். அடுத்து உடைஞ்ச கல்லு, பார்த்துக் கால் வைங்க. அப்புறம் மஞ்சள் சைக்கிள். அப்புறம் கூண்டு. வீடு வந்துடுச்சு!"

ஒன்பது ஆண்டுகளாக அந்த வழியில் நடக்கிறேன். அந்த மஞ்சள் சைக்கிளை நான் பார்த்ததே இல்லை. சிங்கப்பூரில் 10 பேரில் ஏறக்குறைய 8 பேர் வீவக வீட்டில்தான் இருக்கிறோம். எண்ணை அழித்துவிட்டால் நம் புளோக் எது என்று நம்மில் எத்தனை பேரால் சொல்ல முடியும்? அம்மாவிடமிருந்து நழுவியது எண்தான். வாசமும் நிறமும் அவரிடம் அப்படியே இருந்தன. இல்லாததையே நான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன்.

அங் மோ கியோவில் கெபுன் பாரு வட்டாரத்தில், மறதி உள்ளவர்கள் வழி கண்டுபிடிக்க உதவியாக, புளோக் சுவர்களில் நிறங்களும் பெரிய படங்களும் தீட்டியிருக்கிறார்கள் என்று பிறகுதான் அறிந்தேன். மகளுக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை.

அம்மாவைத் தனியாக அனுப்புவதில்லை. அந்தக் காலம் முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் மாலை ஐந்தரைக்கு இருவரும் செருப்பு மாட்டிவிடுகிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை கூண்டைக் காணோம். மெர்போக் மாமா ஊருக்குப் போயிருந்தாராம். அம்மா நின்றுவிட்டார். அவர் கை நடுங்குவது எனக்குத் தெரிந்தது. "இது நம்ம புளோக் இல்ல கண்ணு..."

நான் ஓடிப் போவதற்குள் மகள் தலையை அண்ணாந்து பார்த்தாள்.

"இருக்கு பாட்டி. கொக்கி இருக்கு பாருங்க."