வில்லன் யார்?

ஊருக்கு ஊர் சுவரொட்டி. கத்தியும் கையுமாகக் கதாநாயகன். மூலையிலே, முறைத்த விழியும் முறுக்கிய மீசையுமாக இன்னொருவன். யாரப்பா அவன் என்று கேட்டால், கொட்டகை வாசலில் கடலை விற்கும் சிறுவன்கூடச் சொல்வான்: "அவன்தாங்க வில்லன்!" குடியைக் கெடுப்பவன், கொள்ளையடிப்பவன், குமரியைக் கடத்துபவன், இத்தனையும் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். ஆங்கிலச் சொல், திரையேறி நம் தெருவுக்கு வந்த சொல்.

அந்தச் சொல்லைச் சற்றே தடுத்து நிறுத்தி, "நீ எந்த ஊர்? உன் குலம் எது? கோத்திரம் எது?" என்று விசாரித்தோம். கிடைத்த பதில் திடுக்கிட வைத்தது. வில்லன் ஏர் பிடித்தவன்! பண்ணையாளாகப் பிறந்து பண்ணையாளாகவே மாண்டவன்! அவன் எவர் குடியையும் கெடுக்கவில்லை. அவன் குடியைத்தான் கெடுத்தார்கள்.

ஆம், தோழர்களே! இலத்தீன் மொழியிலே வில்லா என்றால் நாட்டுப்புறத்துப் பண்ணை மாளிகை. இன்று பணம் படைத்தோர் பட்டணத்துக்கு வெளியே கட்டிக் குடியேறுகிறார்களே 'வில்லா', அதே சொல்தான். அந்தப் பண்ணையில் பாடுபட்டவன் வில்லானுஸ். பிரெஞ்சுக்காரர் நாவில் அது விலேன் ஆயிற்று. 1066-ல் நார்மண்டியின் வில்லியம் படையோடு வந்து இங்கிலாந்தைப் பிடித்தான். அவனுடைய ஆட்சியின் பின்னே இந்தச் சொல்லும் கடல் தாண்டிற்று. வேர் ஒன்று, கிளை இரண்டு. மாளிகைக்கு மதிப்பு, அதற்குச் சோறு போட்டவனுக்கு வசை. பாகப்பிரிவினை எப்படி!

அந்த வில்லன் எப்படி வாழ்ந்தான்? பிரபுவின் அனுமதியின்றி ஊரைவிட்டு நகரக்கூடாது. வாரத்தில் சில நாள் பிரபுவின் நிலத்தில் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். மகளுக்குத் திருமணமா? பிரபுவுக்குக் கட்டணம். குடும்பத் தலைவன் இறந்தானா? கொட்டிலிலே இருப்பதில் நல்ல மாடு பிரபுவுக்கு! விளைந்த தானியத்தையும் பிரபுவின் ஆலையிலேதான் அரைக்க வேண்டும். அதற்கும் ஒரு பங்கு அளக்க வேண்டும். வீட்டிலே திருகை வைத்து அரைத்தால் குற்றம். செயின்ட் ஆல்பன்ஸ் என்ற ஊரில் பண்ணைக்கு உடைமையாளர் ஒரு கிறித்துவ மடம். அந்த மடத்தின் தலைவர் ஊராரின் திருகைக் கற்களையெல்லாம் பறித்து வந்து, மடத்தின் கூடத்திலே தளம் பாவினார். ஏழை வீட்டுத் திருகைமீது துறவிகள் நடை பயின்றார்கள்!

1381-ல் தலைக்கு ஒரு ஷில்லிங் வரி என்றார்கள். பொறுத்தது போதும் என்று கெண்ட் மாவட்டமும் எசெக்ஸ் மாவட்டமும் பொங்கி எழுந்தன. வாட் டைலர் தலைவன். ஜான் பால் என்ற ஏழைப் பாதிரி பேச்சாளன். இலண்டனுக்குள் நுழைந்தார்கள். அரசன் இரண்டாம் ரிச்சர்டுக்கு வயது 14. "இனி நீங்கள் அடிமைகளல்லர்" என்று சாசனம் எழுதிக் கொடுத்தான். மறுநாள் பேச்சுவார்த்தைக்கு வந்த வாட் டைலரை, மன்னன் கண்ணெதிரிலேயே வெட்டிச் சாய்த்தார்கள். அடுத்த மாதமே சாசனம் செல்லாது என்று அறிவிப்பு. ஜான் பாலுக்குத் தூக்கு. ஆனால் அந்த நாட்களிலே செயின்ட் ஆல்பன்ஸ் மக்கள் செய்தார்கள் ஒரு காரியம்! மடத்துக்குள் புகுந்தார்கள், தளத்தைப் பெயர்த்தார்கள், அரை நூற்றாண்டுக்கு முன் பாட்டன்மாரிடம் பறித்த திருகைக் கற்களைத் துண்டு துண்டாக உடைத்து, ஆளுக்கொன்றாக வீட்டுக்கு எடுத்துப் போனார்கள்.

நடந்ததை ஏட்டில் எழுதியவன் யார்? மடத்துத் துறவியும் அரண்மனை எழுத்தனும். வில்லன் கையிலே ஏர் இருந்தது, எழுதுகோல் இல்லை. ஆகவே பண்ணையாள் என்ற சொல் முதலில் கீழ்ப்பிறப்பு ஆயிற்று, பிறகு பண்பற்றவன் ஆயிற்று, பிறகு அயோக்கியன் ஆயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே நாடக மேடை ஏறி, கதாநாயகனிடம் அடி வாங்கும் உத்தியோகமும் பெற்றது.

இவன் ஒருவன் கதைதானா? இல்லை. நாம் கல்லூரி வாசலை மிதித்தவரல்லர்; ஆனால் அகராதியைப் புரட்ட யாரும் பட்டம் கேட்பதில்லை. புரட்டப் புரட்ட, இவனுடைய உடன்பிறப்புகள் வரிசையாக எழுந்து நிற்கின்றன. சர்ல்: முன்பு குடியானவன், இன்று முரடன். பூர்: முன்பு உழவன், இன்று நாகரிகம் அறியாதவன். வல்கர்: முன்பு பொதுமக்களுக்குரியது, இன்று ஆபாசம். லூட்: முன்பு எழுத்தறியாத பாமரன், இன்று காமுகன். எதிர்வரிசையைப் பாருங்கள். ஜென்டில், ஜெனரஸ் இரண்டுக்கும் பழம் பொருள் நல்ல குடியில் பிறந்தவன் என்பதே. இன்று ஒன்று மென்மை, மற்றது வள்ளன்மை! பெரிய இடத்துப் பிள்ளையாகப் பிறந்துவிட்டால் மென்மையும் வள்ளன்மையும் அகராதியிலேயே வீடு தேடி வந்துவிடும் போலும்.

இன்னொரு வேடிக்கை. நைட் என்றால் பழைய ஆங்கிலத்தில் பையன். நேவ் என்றாலும் பையன்தான். ஒரு பையன் பிரபுவின் படையிலே சேர்ந்து குதிரை ஏறினான். சர் பட்டம் பெற்றான். மற்றவன் அடுப்படியிலே கரி துடைத்தான். அயோக்கியன் என்று பெயர் வாங்கினான்.

லார்டு என்றதும் நடுங்கியவர்கள் உண்டு. சென்னைக்கு வந்த கவர்னர்களிலே எத்தனை லார்டுகள்! அந்தச் சொல்லின் பழைய வடிவம் ஹ்லாஃப்வேர்ட். பொருள், ரொட்டிக் காவலன். லேடி? ரொட்டிக்கு மாவு பிசைபவள்! வேலைக்காரனுக்குப் பழைய பெயர் ரொட்டி தின்பவன். காத்தவனும் பிசைந்தவளும் பட்டம் பெற்றார்கள். கோதுமை விளைவித்தவன் தின்பவன் ஆனான்.

ஆங்கிலத்துக்கே அந்த நாளிலே அடிமை நிலைதான் என்பதையும் சொல்ல வேண்டும். நார்மானியர் வந்தபின் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு. கொட்டிலிலே நிற்கும் மாட்டுக்கும் ஆட்டுக்கும் பன்றிக்கும் ஆங்கிலப் பெயர். அதே விலங்குகள் தட்டிலே இறைச்சியாகப் பரிமாறப்பட்டால் பீஃப், மட்டன், போர்க், எல்லாம் பிரெஞ்சிலிருந்து வந்தவை. வளர்த்தவன் மொழி ஒன்று, தின்றவன் மொழி ஒன்று! ஐவன்ஹோ என்ற புதினத்திலே வால்டர் ஸ்காட் இதைச் சொல்லப்போய் உலகம் அறிந்தது. நீதிமன்றத்தில் ஆங்கிலத்திலேயே வழக்காடலாம் என்று 1362-ல் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தை எந்த மொழியில் எழுதினார்கள் தெரியுமா? பிரெஞ்சிலே!

அப்படி அடிபட்டு எழுந்த மொழி, பிறகு ஆளும் மொழியாகிக் கப்பலேறி நம் கரைக்கும் வந்தது. நம் சொற்களையும் அள்ளிக்கொண்டது. கட்டுமரம் கேட்டமரான் ஆயிற்று. இன்று செல்வச் சீமான்கள் உல்லாசப் பயணம் போகும் இரட்டை ஓடத்துக்கு அந்தப் பெயர். சுருட்டு செரூட் ஆயிற்று. மிளகுத்தண்ணீர், வெள்ளைக்காரன் மேசையிலே சூப் ஆயிற்று. இவற்றுக்கெல்லாம் குறையில்லை.

கூலி என்ற சொல்லைப் பாருங்கள். இது நம் தமிழ்க் கூலியா, குஜராத்தின் கோலி மக்கள் பெயரா என்று அகராதிக்காரர்கள் இரு பக்கமாக நிற்கிறார்கள். வழக்கு எப்படியும் தீரட்டும். தமிழிலே கூலி என்பது உழைத்தவனுக்குச் சேர வேண்டிய பணம். உரிமையோடு கேட்டு வாங்குவது. ஆங்கிலத்திலே பணம் போய்விட்டது, ஆளே கூலி ஆகிவிட்டான். 1860-ல் ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களைத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஏற்றிச் சென்றது. அங்கே அது இந்தியர் எல்லோருக்கும் வசைப்பெயர் ஆயிற்று. வழக்கறிஞராகப் போன காந்தியாரும் 'கூலி பாரிஸ்டர்' ஆனார்!

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. உலக ஏடுகளிலே, பிற நாடுகள் ஒதுக்கி வைத்த நாட்டைப் 'பரையா' நாடு என்று எழுதுகிறார்கள். எழுதுகிறவருக்குத் தெரியுமோ தெரியாதோ, அது தமிழ்நாட்டிலே உழைத்து வாழும் ஒரு பெருங்குடி மக்களின் பெயர். பறை ஒரு தோற்கருவி. பறைதல் என்றால் சொல்லுதல். பதினேழாம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்துக்குள் நுழைந்த அந்தப் பெயர், ஒதுக்கப்பட்டவன் என்ற பொருளோடு உலகைச் சுற்றுகிறது. வெள்ளைக்காரன்மீது மட்டும் பழிபோட்டுத் தப்பிவிட முடியுமா? சேரியை ஊருக்கு வெளியே வைத்தது யார்? கிணற்றைத் தொடாதே என்றது யார்? அகராதியிலே எழுதியது அவன் கை. பாடம் சொல்லிக் கொடுத்தது இங்கிருந்த சாதி ஆணவம். அந்தச் சொல்லை இன்னமும் கூசாமல் அச்சிடும் ஆங்கில ஏடுகளை நாம் கேட்கிறோம்: வேறு சொல்லே கிடைக்கவில்லையா உங்களுக்கு?

சீமான்களும் எழுத்தர்களும் மட்டுமா சொல் படைத்தார்கள்? பாட்டாளியும் படைத்தான். ஸ்ட்ரைக் இருக்கிறதே, அது கப்பல் தொழிலாளி தந்தது. பாயை இறக்குவதற்கு அவர்கள் மொழியிலே ஸ்ட்ரைக் என்று பெயர். 1768-ல் இலண்டன் துறைமுகத்து மாலுமிகள் ஊதிய உயர்வு கேட்டார்கள், கிடைக்கவில்லை, கப்பல்களின் பாய்களை இறக்கினார்கள். பாய் இறங்கிய கப்பல் எங்கே நகரும்? அன்றுமுதல் ஆலைத் தொழிலாளி கைகட்டி நின்றாலும் ஸ்ட்ரைக்தான்.

பாய்காட் என்பது ஓர் ஆளின் பெயர். அயர்லாந்தின் மேயோ மாவட்டத்திலே எர்ன் பிரபுவின் நிலங்களுக்கு ஏஜெண்ட், கேப்டன் சார்லஸ் பாய்காட். 1880-ல் விளைச்சல் மோசம். குத்தகையிலே நூற்றுக்கு 25 தள்ளுங்கள் என்றார்கள் உழவர்கள். 10-க்கு மேல் முடியாது என்றார் பிரபு. பாய்காட் வெளியேற்ற நோட்டீஸ் அனுப்பினான். அப்போதுதான் பார்னெல் என்ற தலைவர், மக்களின் பகைவனை அடிக்க வேண்டாம், அவனோடு பேச்சை நிறுத்துங்கள் என்று பேசியிருந்தார். ஊர் அதைச் செய்தது. பண்ணையாட்கள் நின்றார்கள். கொல்லன் லாடம் அடிக்க மறுத்தான். சலவைக்காரி துணி எடுக்க மறுத்தாள். கடைக்காரன் சரக்கு தர மறுத்தான். அறுவடைக்கு வெளியூரிலிருந்து ஐம்பது பேர் வந்தார்கள். அவர்களுக்குக் காவலாக ஏறத்தாழ ஆயிரம் துருப்பு! சுமார் 500 பவுன் விளைச்சலைக் காப்பாற்ற 10,000 பவுன் செலவு என்று கணக்கிட்டார்கள்.

அமெரிக்கச் செய்தியாளர் ரெட்பத் இதை எழுத உட்கார்ந்தார். சமூக விலக்கைக் குறிக்கும் கிரேக்க வழிச் சொல் ஒன்று இருந்தது; உழவர்களுக்கு அது புரியாதே என்று தயங்கினார். ஊர்ப் பாதிரியார் ஜான் ஓ'மாலி கொஞ்சம் யோசித்து, "பாய்காட் செய்வது என்று வைத்துக்கொண்டால் என்ன?" என்றாராம். சில மாதங்களில் அந்தச் சொல் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் ஏறிவிட்டது. கேப்டன் அதே ஆண்டு நவம்பரில் மேயோவை விட்டுப் போனார்; 1897-ல் இறந்தார். ஆங்கிலத்திலே ஆட்பெயரைப் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்பது விதி. அகராதியிலே அவர் பெயரை இப்போது சின்ன எழுத்திலேதான் தொடங்குகிறார்கள்.