தண்டவாளம் வந்துவிட்டது, இருக்கை எங்கே?

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே நம் வீடுகளில் அந்தப் பேச்சு கிளம்பிவிடும்: "ரயில் டிக்கெட் திறந்துட்டாங்களா?" பிள்ளைகள் ஜொகூர்பாருவில் வேலை செய்கிறார்கள், பெற்றோர் சுங்கை பட்டாணியில் இருக்கிறார்கள். காரில் போனால் ஏறக்குறைய 700 கிலோமீட்டர். டோல், பெட்ரோல் செலவு ஒரு பக்கம் இருக்கட்டும். வேலை முடிந்த கையோடு இரவில் கிளம்பி, கண் சொக்கச் சொக்க ஓட்டுகிறோமே, அதுதான் பயம். ரயிலில் இடம் கிடைத்துவிட்டால் வீட்டில் இருக்கும் அம்மாவுக்கும் நிம்மதி.

இந்த நிலையில்தான் 2025 டிசம்பரில் இ.டி.எஸ். மின்சார ரயில் ஜொகூர்பாரு வரை வந்து சேர்ந்தது. கிம்மாசுக்கும் ஜொகூர்பாருவுக்கும் இடைப்பட்ட 192 கிலோமீட்டர்தான் கடைசியாக மிச்சமிருந்தது. இப்போது தாய்லாந்து எல்லையில் உள்ள பாடாங் பெசார் முதல் ஜொகூர்பாரு வரை மின்மயமான இரட்டைத் தண்டவாளம் இருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து ஜொகூர்பாருவுக்குச் சுமார் நான்கரை மணி நேரத்தில் போய்விடலாம்.

புது ரயில் வந்ததால்தான் வேகம் கூடியது என்று பலரும் நினைக்கிறோம். அது பாதி உண்மை. பழைய பாதை ஒற்றைத் தண்டவாளம். எதிரே ஒரு ரயில் வந்தால், இந்த ரயில் ஏதாவது ஒரு நிலையத்தின் பக்கத்துத் தடத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும். எதிர் ரயில் தாமதமானால் இதுவும் தாமதம், இதற்காகக் காத்திருக்கும் அடுத்த ரயிலும் தாமதம். அந்தக் காலத்தில் ரயில் ஏறியவர்களுக்கு நினைவிருக்கும், ரப்பர் காட்டு நடுவே காரணமே தெரியாமல் அரை மணி நேரம் நிற்கும். இரண்டாவது தண்டவாளம் போட்டதும் அந்தக் காத்திருப்பு ஒழிந்தது. வளைவுகளை நேராக்கியதும், சாலை குறுக்கிடும் இடங்களில் பாலம் கட்டியதும் மீதி வேலையைச் செய்தன.

இது ஒரே நாளில் நடந்ததும் இல்லை. இ.டி.எஸ். ஈப்போவுக்கு ஓடத் தொடங்கியது 2010இல். ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரையிலான 329 கிலோமீட்டர் இரட்டைப் பாதை 2014இல் முடிந்தது. சிரம்பான் – கிம்மாஸ் பகுதியைக் கட்டியது இந்திய அரசின் இர்கோன் நிறுவனம். இந்த நாட்டின் முதல் ரயில் 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியபோது, அந்தப் பாதையை அமைக்க இலங்கையிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். ரயிலோடு நம்மவர்களுக்கு உள்ள உறவு அப்படிப் பழையது.

சரி, பாதை முடிந்துவிட்டது. பெருநாள் நேரத்தில் மட்டும் ஏன் இன்னும் இடம் கிடைப்பதில்லை? கூடுதலாக நாலு ரயில் விட்டால் போதாதா?

இங்கேதான் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. கோலாலம்பூர் – ஜொகூர்பாரு போக நான்கரை மணி, வர நான்கரை மணி. இரண்டு முனையிலும் துப்புரவு, சோதனை என்று நேரம் போகும். ஆக, ஒரு தடவை போய்வரவே பத்து மணிக்கு மேல் ஆகிவிடுகிறது. இரண்டு தடவை ஓட்டினால் பராமரிப்புக்கு நேரமே மிஞ்சாது. எனவே ஒரு ரயில் தொகுதியால் ஒரு நாளில் ஒன்று அல்லது ஒன்றரைச் சுற்றுதான் முடியும். பயணம் நீள நீள, அதே இருக்கை ஒரு நாளில் குறைவான பேருக்கே பயன்படுகிறது. ஈப்போவுக்கு இரண்டேகால் மணி நேரம்தான் என்பதால் அங்கே அடிக்கடி ரயில் விட முடிகிறது.

இரண்டாவது தடை கோலாலம்பூருக்குள்ளேயே இருக்கிறது. வடக்கிலிருந்து வரும் இ.டி.எஸ்., தெற்கே போகும் இ.டி.எஸ்., கம்யூட்டர், சரக்கு ரயில் எல்லாம் அங்கே அதே இரண்டு தண்டவாளங்களைத்தான் பங்கு போடுகின்றன. நிலையத்துக்கு நிலையம் நின்று போகும் கம்யூட்டருக்குப் பின்னால் இ.டி.எஸ். மாட்டிக்கொண்டால் 140 கிலோமீட்டர் வேகம் இருந்தும் பயனில்லை. அங்கே ஒரு சிக்னல் கோளாறு வந்தால் அதன் தாமதம் குளுவாங்கிலும் தெரியும், அலோர்ஸ்டாரிலும் தெரியும். இன்னும் வேகமான ரயில் கேட்பதைவிட, தலைநகருக்குள் விரைவு ரயில்களுக்குத் தனித் தடம் கேட்பதுதான் நமக்கு லாபம் என்பது என் எண்ணம். கோலாலம்பூர் – சிங்கப்பூர் அதிவேக ரயில் 90 நிமிடக் கனவாகவே நின்று, 2020 இறுதியில் அந்த ஒப்பந்தம் முடிவுக்கு வந்ததையும் பார்த்தோம்.

இருக்கை விஷயத்தில் ஒரு யோசனை. இந்திய ரயில்வேயில் காத்திருப்போர் பட்டியல் உண்டு. ஒருவர் டிக்கெட்டை ரத்து செய்தால் வரிசையில் அடுத்தவருக்கு அது தானாகப் போய்ச் சேரும். பெருநாள் காலத்தில் "எதற்கும் இருக்கட்டும்" என்று இரண்டு நாளுக்கு டிக்கெட் எடுத்து வைத்து, கடைசி நேரத்தில் ஒன்றை விட்டுவிடுகிற பழக்கம் நம்மிடமும் இருக்கிறது. அந்தக் காலி இருக்கைகள் வரிசைப்படி கைமாறினால், இரவெல்லாம் ஆப்பைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆப் பயன்படுத்தத் தெரியாத முதியவர்களுக்குக் கொஞ்சம் இருக்கைகளை நிலைய முகப்பில் ஒதுக்கி வைப்பதும் நல்லது.

கடைசியாக, இறங்கிய பிறகு என்ன செய்வது? தெலுக் இந்தான்காரர்கள் தாப்பா ரோட்டில் இறங்க வேண்டும். அங்கிருந்து வீட்டுக்கு இன்னும் 30 கிலோமீட்டர் இருக்கிறது. ஒரு காலத்தில் அந்த ஊருக்கே கிளைப் பாதை போனது, இப்போது இல்லை. இரவு பத்து மணிக்கு ரயில் வந்து நின்றால், சொந்தக்காரர் கார் கொண்டுவந்தால்தான் வீடு. ரயில் வரும் நேரத்துக்கு ஒரு சிற்றுந்து வெளியே நின்றாலே போதும், வயதானவர்கள் தனியாக வரத் துணிவார்கள். இந்தச் செலவு தண்டவாளம் போட்ட செலவில் தூசு.

இந்த ஆண்டு ஊருக்குப் போகிறவர்கள் கே.எல். சென்ட்ரலில் ரயில் மாற வேண்டியிருந்தால், இரண்டு ரயில்களுக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது விட்டு டிக்கெட் எடுங்கள். முதல் ரயில் சற்றுத் தாமதமானாலும் அடுத்ததைப் பிடித்துவிடலாம்.