பாதி விலை என்று வாசலுக்கு வருகிறவர்கள்

முகாமிலிருந்தோ உறவினர் வீட்டிலிருந்தோ திரும்பி வரும் குடும்பத்துக்கு முதல் இரண்டு மாதத்தில் எல்லாமே வாங்க வேண்டியிருக்கிறது. சட்டி பானை, பாய், கம்பளி, அடுப்பு, பிள்ளைகளுக்குச் சப்பாத்து. கையில் நிவாரணப் பணமும் கொஞ்சம் இருக்கும். தேவையும் காசும் ஒன்றாக இருக்கும் இந்த நேரம் உங்களுக்குத் தெரிவதைப் போலவே, வேனில் சாமான் ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாகச் சுற்றுகிறவர்களுக்கும் தெரியும். இது லிந்துலைப் பக்கம் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டு கத்ரினா சூறாவளிக்குப் பிறகு, அனர்த்தத்தைப் பயன்படுத்திச் செய்யப்படும் மோசடிகளுக்கென்றே அந்நாட்டு நீதித் திணைக்களம் ஒரு தனி நிலையத்தை அமைக்க வேண்டியிருந்தது.

வாசலுக்கு வந்து விற்கிற எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நாம் சொல்லவில்லை. புடவை மூட்டையோடு மாதாமாதம் வருகிற வியாபாரியைப் பல லயங்களில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கொப்பியில் கணக்கு எழுதிவிட்டு, சம்பளம் போட்ட பிறகு வந்து வாங்கிக்கொள்வார். பழுதான துணியை மாற்றியும் தருவார். அடுத்த மாதமும் அதே வாசலுக்கு அவர் வர வேண்டும் என்பதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு. சந்தேகப்பட வேண்டியது, ஒரே ஒரு தடவை மட்டும் வருகிறவரை.

அப்படி வருகிறவர்கள் பெரும்பாலும் காலை பத்து மணிக்கு மேல்தான் வருவார்கள். வேலைக்குப் போகிறவர்கள் மலையில் இருப்பார்கள். வீட்டில் பாட்டியோ பாடசாலை போகாத பிள்ளையோதான். கழுத்தில் அட்டை, கையில் பளபளக்கும் படத்தாள். “அக்கா, பத்தாவது ஆண்டு நிறைவுக்கு உங்கள் தோட்டத்துக்கு ஐந்து பரிசுதான், இந்தச் சீட்டைச் சுரண்டிப் பாருங்கள்” என்று பேச்சு தொடங்கும். சுரண்டினால் பரிசு விழுந்திருக்கும். எந்த வீட்டில் சுரண்டினாலும் விழும், ஆனால் பக்கத்து லயத்தில் என்ன நடந்தது என்பது அந்த நேரத்தில் உங்களுக்குத் தெரியாது. பிறகு கணக்கு வரும்: 24,000 ரூபாய் ரைஸ் குக்கர், உங்களுக்கு 60 வீதம் கழிவு, 9,600 கட்டினால் போதும். வேன் பன்னிரண்டு மணிக்குப் போய்விடும்.

இந்தப் பேச்சில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, அந்த 24,000. அந்த விலைக்கு அந்தச் சாமானை எந்தக் கடையில், யார் வாங்கினார்கள்? கழிவு எவ்வளவு என்பதை விற்கிறவர் சொல்லும் பழைய விலையை வைத்துக் கணக்குப் பார்க்கக்கூடாது. தலவாக்கலைக் கடையில் இன்று என்ன விலை என்பதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். அதே அளவு குக்கர் டவுனில் 8,500 என்றால், 60 வீதக் கழிவில் வாங்கியவர் உண்மையில் 1,100 ரூபாய் கூடக் கொடுத்திருக்கிறார். ஒரு நாள் பேரின் காசில் பாதிக்கும் மேல். விசாரிக்க பஸ் ஏற வேண்டும் என்பதில்லை. பெட்டியைத் தொலைபேசியில் படமெடுத்து டவுனில் வேலை செய்கிற ஒருவருக்கு அனுப்பிக் கேட்கலாம். படமெடுக்க வேண்டாம் என்று விற்கிறவர் தடுத்தால், மேலே பேசத் தேவையில்லை.

இரண்டாவது, அவசரம். இதைத்தான் நாங்கள் பெரிதாக நினைக்கிறோம். விலை தெரியாதவர்கூட ஒரு நாள் பொறுத்தால் தெரிந்துகொள்வார், அந்த ஒரு நாளைத் தராமல் இருப்பதற்காகத்தான் பன்னிரண்டு மணிக் கணக்கு. “வீட்டுக்காரர் வேலை முடிந்து வரட்டும், நாளைக்கு வாங்க” என்று சொல்லிப் பாருங்கள். உண்மையான வியாபாரி நாளைக்கும் வருவார். வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இந்த ஒரு வசனத்தைச் சொல்லி வைத்தால் போதும்.

பெட்டியையும் திருப்பிப் பாருங்கள். இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் இருக்கிறதா, விலை ஒட்டிய இடத்தில் ஸ்டிக்கருக்கு மேல் ஸ்டிக்கர் இருக்கிறதா? விலைக்குறியை அழிப்பதும் மாற்றுவதும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி குற்றம். மின்சாரச் சாமான் என்றால் காசு நட்டம் மட்டுமல்ல. தரமில்லாத வயரும், பொருந்தாத பிளக்கை வேறொன்றில் செருகிப் பாவிப்பதும், நனைந்து காய்ந்த வயரிங் உள்ள லயத்தில் நெருப்புக்கு வழி. ஒரு காம்பிராவில் பிடித்த நெருப்பு ஒரே கூரையில் அடுத்த காம்பிராவுக்குப் போவதற்கு அதிக நேரம் எடுக்காது. கேஸ் ரெகுலேட்டர், கேஸ் குழாய் ஆகியவற்றை எஸ்.எல்.எஸ். இலச்சினை பார்த்துக் கடையில் மட்டும் வாங்குங்கள். இவற்றை வாசலில் வாங்க வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

காசு இல்லை என்றால் தவணைக்குத் தருகிறோம் என்பார்கள். அப்போது ஒரு தாள் வரும், பல சமயம் உங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில். வாசிக்க முடியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அடையாள அட்டையையோ அதன் பிரதியையோ கொடுக்காதீர்கள். மொத்தம் எத்தனை தவணை, எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். முற்பணம் கட்டுங்கள், கட்டிலும் அலுமாரியும் அடுத்த வாரம் வரும் என்கிற பேச்சுக்குச் சாமான் கண்ணில் படாமல் ஒரு சதமும் வேண்டாம். இன்னும் மூன்று பேரைச் சேர்த்துவிட்டால் உங்களுக்கு இலவசம் என்றால் அது வேறு சங்கதி: ஆள் சேர்த்து ஓடும் பிரமிட் திட்டங்கள் வங்கிச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டவை. அவற்றை நடத்துவதும் பரப்புவதும் குற்றம். சொந்தக்காரரைச் சேர்த்துவிட்டுப் பிறகு முகம் பார்க்க முடியாமல் போவது தனிக் கஷ்டம்.

தோட்ட அலுவலகம் அனுமதி தந்தது, கிராம உத்தியோகத்தர் அனுப்பினார் என்று சொன்னால், அவர்களிடமே கேட்டுவிடுங்கள். எங்கள் நிறுவனத்தின் பெயரையும் சிலர் சொல்லக்கூடும். எங்கள் உத்தியோகத்தர்கள் எந்தச் சாமானையும் விற்பதில்லை. சலுகை விலைக்கும் இல்லை. நிவாரணப் பொருளுக்கு உங்களிடம் காசு கேட்கிறவர் எங்கள் ஆள் அல்ல.

ஏற்கெனவே வாங்கி ஏமாந்துவிட்டீர்களா?

வெட்கப்பட்டு வீட்டுக்குள் மறைத்து வைப்பவர்கள்தான் அதிகம். அதனால் அதே வேன் அடுத்த டிவிஷனுக்குத் தைரியமாகப் போகிறது. பெட்டி, சுரண்டிய சீட்டு, படத்தாள், பற்றுச்சீட்டு எதையும் எறியாதீர்கள். கேட்டால் திகதி, பொருள், விலை எழுதிய பற்றுச்சீட்டு தருவது வியாபாரியின் சட்டக் கடமை, ஆகவே காசு கொடுக்கும்போதே கேளுங்கள். வேனின் இலக்கத்தைக் குறித்துக்கொள்வதும் நல்லது. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து எங்கே அனுப்புவது என்று கேட்டு, முறைப்பாட்டை எழுத்தில் கொடுங்கள். தமிழில் எழுதலாம். வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். காசை வாங்கிக்கொண்டு சாமான் தராமல் போனவர் என்றால் லிந்துலை பொலிஸ் நிலையத்தில் முறையிடுங்கள். அடுத்த நாள் காலை பிரட்டுக்களத்திலும் சொல்லிவிடுங்கள். எழுதத் துணை வேண்டுமானால், உங்கள் தோட்டத்துக்கு வரும் எங்கள் கள உத்தியோகத்தரிடம் கேட்கலாம்.