லீட்ஸ் நகர மண்டபம்: கோபுரம் வேண்டுமா, வேண்டாமா?

பெருங்காப்பியத்தின் உறுப்புகளைக் கூறவந்த தண்டியலங்காரம் நகர வருணனையையும் அவற்றுள் ஒன்றாக வைக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வட இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தார் தம் ஊருக்குரிய வருணனையைப் புலவர்களிடம் விடவில்லை. கல்லிலே தாமே செய்ய முற்பட்டனர்.

கம்பளி நெசவினால் செழித்த ஊர் லீட்ஸ். 1851 இல் அங்கு ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். செல்வம் இருந்தது, நகருக்கு ஏற்ற பொது மண்டபம் இல்லை. அயலூரான பிறட்போர்ட்டிலோ அத்தகைய மண்டபமொன்று எழுந்துகொண்டிருந்தது. பங்குகள் மூலம் பணம் திரட்டும் முயற்சி பலிக்காமற் போகவே, நகரசபை வரிப்பணத்திற் கட்டத் தீர்மானித்தது.

வடிவமைப்புப் போட்டியில் வென்றவர் அதுவரை பெரிதும் அறியப்படாத கத்பேட் புறொட்றிக் என்பவர். போட்டிக்கு ஆலோசகராக இருந்தவர் இலண்டன் பாராளுமன்றக் கட்டடத்தை வடிவமைத்த சார்ள்ஸ் பரி. 1853 ஓகஸ்ட்டில் அடிக்கல் நாட்டப்பட்டது.

விவாதம் மூண்டது கோபுரம் பற்றியே. அதற்குள் எந்த அலுவலகமும் இயங்கப் போவதில்லை. வரியிறுப்போர் பணத்தை வெறும் அலங்காரத்துக்குச் செலவிடலாமா என்று சிக்கனம் பேசிய உறுப்பினர்கள் கேட்டனர். அவர்கள் கேட்டதிலும் நியாயம் உண்டு. 1849 இல் வாந்திபேதிக்கு ஈராயிரம் உயிர்களுக்கு மேல் பலிகொடுத்த ஊர் அது. மறுபுறம் ஹீற்றன் என்ற வைத்தியர், ஐரோப்பிய நகர மண்டபங்களைப் பற்றிச் சொற்பொழிவாற்றி, ஊரின் மதிப்பை உயர்த்துவதும் பொதுப்பணியே என்று வாதிட்டார். ஈற்றில் 1856 இல் சபை இணங்கியது. கோபுரம் 225 அடி உயர்ந்தது.

1858 செப்டெம்பர் 7 ஆம் திகதி விக்ரோறியா மகாராணியார் மண்டபத்தைத் திறந்துவைத்தார். நீதிமன்றங்கள், சபைக்கூடம், பொலிஸ் அலுவலகம், நிலவறைச் சிறைக்கூடங்கள், நடுவே பெரும் இசைக்கூடம் என அனைத்தும் ஒரே கூரையின் கீழ் அமைந்தன. திறப்பையொட்டி நடந்த இசைவிழாவின் வருவாய் நகர வைத்தியசாலைக்கு வழங்கப்பட்டது.

செலவு எவ்வளவு? தொடக்கத்தில் எண்ணியது ஏறத்தாழ 35,000 பவுண். முடிவில் 120,000 பவுணையும் தாண்டியது. ஒப்பந்தகாரரான சாமுவேல் அற்றக் வேலை முடியுமுன்னரே வங்குரோத்தானார். மண்டபத்தை நகரின் வெற்றிச் சின்னமாகப் போற்றுவோர் இவரையும் மறத்தலாகாது. அம்மதிப்புக்கு அவர் கொடுத்த விலை எந்த வரிக் கணக்கிலும் இல்லை.

நகருக்குச் செல்வம் தந்த ஆலைகளின் புகையே பின்னர் மண்டபத்தின் மீது கரியாகப் படிந்தது. 1970 களின் தொடக்கத்தில் கழுவித் துப்புரவாக்கும்வரை அது கருநிறமாகவே நின்றது.

நேயர்களே, செய்யுளில் அணி மிகையா, உறுப்பா என்று நாம் கேட்பதுண்டு. அதே கேள்வியைத்தான் லீட்ஸ் சபையினர் கோபுரத்தைப் பற்றிக் கேட்டனர். நோயால் வாடும் ஊரிலே அதைக் கேட்டது அவர்தம் கடமை. ஆயினும், தனியொரு செல்வரின் மாளிகையில் அல்லாது, வழக்காட வந்த ஏழையும் இசை கேட்க வந்த வணிகரும் ஒருங்கே நுழையும் வாசலுக்கு மேலே அந்த அணி அமைந்ததனால், அதை வீண் என்று தள்ள என் மனம் ஒப்பவில்லை.