முகத்தில் தெரிவதும் தெரியாததும்

மதுரை மாட்டுத்தாவணியை இன்று பேருந்து நிலையமாகத்தான் பலருக்கும் தெரியும். ஒரு காலத்தில் அங்கே மாட்டுச் சந்தை கூடியது. தமிழ்நாட்டு மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரல்களைப் பிடித்து விலை பேசுவார்கள். தொகை வெளியே தெரியாது. முகத்தை மட்டும் மூட முடியாது. அந்த முகத்தை எவ்வளவு நம்பலாம்?

முகத்தசைகளை இயக்குவது ஏழாவது மூளை நரம்பு. சிரிக்கும்போது உதட்டோரங்களை மேலே இழுக்கும் தசையை நினைத்தவுடன் அசைக்கலாம். மகிழ்ச்சியில் கண்ணைச் சுற்றிய தசையும் சேர்ந்து சுருங்கும். அதை வேண்டுமென்றே செய்வது பலருக்கு எளிதல்ல. பிரெஞ்சு மருத்துவர் டுஷேன் இதை 1862-லேயே எழுதினார். கல்யாண போட்டோவுக்குச் சிரிக்கும் சிரிப்பில் கண் பெரும்பாலும் சேராது.

1960-களின் இறுதியில் உளவியலாளர் பால் எக்மன், வெளியுலகத் தொடர்பு மிகக் குறைவாக இருந்த நியூ கினி மக்களிடம் புகைப்படங்களைக் காட்டி ஆராய்ந்தார். மகிழ்ச்சி, துயரம், கோபம், அச்சம், வியப்பு, அருவருப்பு ஆகிய ஆறின் முகபாவங்களும் மனிதர் எல்லாருக்கும் பொது என்றார். 2004 பாராலிம்பிக் ஜூடோ போட்டிகளில் பிறவியிலேயே பார்வையற்ற வீரர்களும் வென்றபோதும் தோற்றபோதும் மற்றவர்களைப் போலவே முகம் காட்டினார்கள். எனவே எல்லாமே பார்த்துப் பழகியது அல்ல.

ஆனால் கோபப்படுகிற எல்லாரும் புருவம் நெரிப்பதில்லை. புருவம் நெரிப்பவர் எல்லாரும் கோபத்திலும் இல்லை. உளவியலாளர் லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும் சக ஆய்வாளர்களும் 2019-ல் இதை விரிவாக எடுத்துக்காட்டினார்கள். பொய்யைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கேட்பவர்கள் பொய்யா உண்மையா என்று சரியாகச் சொன்னது நூற்றுக்குச் சுமார் 54 தடவைதான். காசு சுண்டிப் பார்த்தாலே 50 கிடைக்கும்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்வுகளை, சொல்லி, ஒவ்வொன்றுக்கும் நான்கு காரணங்களையும் தருகிறது. அழுகை என்றால் இழிவா, இழப்பா, தளர்ச்சியா, வறுமையா என்று பார்க்க வேண்டும். முகத்தோடு சூழ்நிலையையும் சேர்த்துப் படிக்கும் முறை இது. இன்றைய ஆய்வும் இதையே வற்புறுத்துகிறது.

ஒருவருடைய வழக்கமான முகம் எப்படி இருக்கும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அதிலிருந்து எது மாறியது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று கவனியுங்கள். சித்திரை வெயிலில் ஆரப்பாளையம் பஸ் கண்டக்டர் முகம் சுளித்தால், காரணம் வெயிலாகவோ சில்லறைத் தட்டுப்பாடாகவோ இருக்கலாம். நெருங்கியவர் என்றால் ஊகித்துக்கொண்டிருக்காமல் “என்னாச்சு?” என்று கேட்டுவிடுங்கள்.