பெற்றோரை இழந்த பிள்ளையின் பங்கு

குடும்பத்தைத் தாங்கி நின்ற தந்தையோ தாயோ மறைந்துவிட்டால், துயரத்தைத் தொடர்ந்து வறுமையும் அவ்வீட்டின் வாசற்படி ஏறிவிடுகிறது. அனாதைகளின் துயர் துடைப்பதை உண்மையான சமய வாழ்வின் உரைகல்லாகப் புனித யாகப்பர் தம் திருமுகத்தில் காட்டுகிறார். இக்கடமையை வட ஐரோப்பிய நாடுகள் ஐந்தும் சட்டமாகவே ஆக்கியுள்ளன. அவை கையாளும் முறைகளை ஈண்டு ஒப்பிட்டுக் காண்போம்.

ஐஸ்லாந்தின் முறை மிக எளியது. இறந்தவர் ஈட்டிய வருவாய் எதுவாயினும், 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அரசு ஒரே அளவான தொகையை வழங்குகிறது. பெற்றோர் இருவரும் மறைந்திருந்தால் அத்தொகை இரட்டிப்பாகும். டென்மார்க் அரசு இதனை ஓய்வூதியம் என்னாது, சிறப்புக் குழந்தை உதவித்தொகை என வழங்குகிறது. அங்கும் இருவரையும் இழந்த பிள்ளைக்கு இரு மடங்கு உண்டு.

சுவீடனும் பின்லாந்தும் இறந்தவரின் வருவாயையும் கணக்கில் கொள்கின்றன. சுவீடனில் 12 வயதுக்குட்பட்ட ஒரே பிள்ளைக்கு, இறந்தவருக்குரிய ஓய்வூதிய அடிப்படையில் 35 விழுக்காடு கிடைக்கும். பின்னர் அது 30 ஆகக் குறையும். வருவாய் குறைந்தோரின் பிள்ளைகளுக்குக் குறைந்தபட்சத் தொகை ஒன்றை அரசு உறுதி செய்கிறது. பின்லாந்தில் வருவாய் சார்ந்த ஓய்வூதியத்தில் ஒரு பிள்ளைக்குப் பன்னிரண்டில் நான்கு பங்கு. இரு பிள்ளைகளுக்குச் சேர்த்து ஏழு பங்கு. 2022 முதல் இதற்கான வயது வரம்பு 20 ஆக உயர்ந்துள்ளது.

நம் உள்ளத்தை மிகவும் ஈர்ப்பது நார்வே செய்த மாற்றம். அங்கு 2023 முடியும் வரை, அரசு வகுத்த அடிப்படைத் தொகையில் முதற்பிள்ளைக்கு 40 விழுக்காடும், மற்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் 25 விழுக்காடும் கணக்கிட்டு, மொத்தத்தைச் சமமாகப் பங்கிட்டனர். மூன்று பிள்ளைகள் இருந்தால் ஆளுக்கு 30 விழுக்காடே கிட்டியது. உடன்பிறந்தோர் பெருகப் பெருக, பங்கு சுருங்கியது. 2024 சனவரி முதல் முழு உரிமையுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆண்டுதோறும் அடிப்படைத் தொகை முழுவதுமே கிடைக்கிறது. இருவரையும் இழந்தோர்க்கு அதன் இரண்டேகால் மடங்கு உண்டு. 18 ஆக இருந்த பொது வயது வரம்பும் 20 ஆயிற்று.

மூன்றாம் பிள்ளையின் பசி முதற்பிள்ளையின் பசியைவிடக் குறைந்ததன்று. இதனைச் சட்டம் உணர்வதற்கு இத்தனை காலம் ஆயிற்று! மறைந்த தந்தையின் அரவணைப்பை எப்பணமும் மீட்டுத் தராது. ஆயினும் பிள்ளை பிறரிடம் கையேந்தாமல், தன் உரிமையைப் பெற்றுத் தலைநிமிர்ந்து வளர அது வழி செய்கிறது. இத்தகைய பிள்ளைகள் நம் பங்கிலும் இருப்பர். அவர்களுக்கு நாம் அளிப்பது இரக்கத்தால் இடும் பிச்சையன்று, அவர்களுக்குச் சேரவேண்டிய பங்கே என்பதை மனத்திற் கொள்வோமாக.