வழக்கறிஞரை மாற்றுவது எப்போது? எப்படி?

வழக்கு என்பது நாம் விரும்பித் தேடிச் செல்லும் ஒன்றன்று. சாலை விபத்தில் கணவனைப் பறிகொடுத்த மனைவிக்கும், வேலையிலிருந்து நீக்கப்பட்ட தொழிலாளிக்கும், வீட்டு மனைத் தகராற்றில் சிக்கிய குடும்பத்திற்கும் அது தானாகவே வந்து சேருகிறது. அவ்வேளையில் நம் சார்பில் பேசவும் எழுதவும் ஒரு வழக்கறிஞரை அமர்த்திக்கொள்கிறோம். ஓராண்டு கழிகிறது, ஈராண்டும் கழிகிறது. வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பதே விளங்குவதில்லை. வேறு வழக்கறிஞரிடம் போகலாமா, போனால் வழக்குக் கெட்டுவிடுமா, கொடுத்த பணம் என்னாகும் என்னும் கேள்விகள் அப்போது எழுகின்றன.

கேமரன் மலையின் வடபகுதியில் உள்ள கம்போங் ராஜா வட்டாரத்துத் தேயிலைத் தோட்ட மக்களுக்கு இச்சிக்கல் இன்னும் கடினமானது. கேமரன் மலை பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது. ஆயினும் அதற்கு அண்மையில் உள்ள பெருநகரம் பேராக் மாநிலத்து ஈப்போவாகும். சிம்பாங் பூலாய் சாலை வழியாக ஈப்போவுக்கு இறங்கினாலும், தானா ராத்தா, ரிங்லெட் வழியாகத் தாப்பாவுக்கு இறங்கினாலும் ஒரு நாள் கூலி போய்விடும். ஆதலால் வழக்கறிஞரைப் பல மாதங்கள் பாராமலேயே இருந்துவிடுவோர் உண்டு. சமவெளியில் உள்ள ரப்பர் தோட்டங்களில் தொலைவு குறைவாக இருக்கலாம். ஆனால் தயக்கமும் அச்சமும் ஒன்றே. எனவே இப்பொருளைப் பற்றிச் சட்டம் என்ன கூறுகிறது என்பதை நாம் அறிந்துவைத்திருத்தல் நலம்.

உரிமை யாருடையது?

வழக்கு வழக்கறிஞருடையது அன்று, அதைத் தொடுத்தவருடையது. ஒருவரை நியமிக்கும் உரிமை நமக்கு உண்டென்றால், அவரை விலக்கி வேறொருவரை நியமிக்கும் உரிமையும் நமக்கு உண்டு. இதற்கு நீதிமன்றத்தின் அனுமதி தேவையில்லை. 2012-ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 64-ஆவது கட்டளை இதனைத் தெளிவாகக் கூறுகிறது. ஆனால் அதே கட்டளையில் ஒரு நிபந்தனையும் உண்டு. வழக்கறிஞர் மாற்றத்தைப் பற்றிய அறிவிப்பு நீதிமன்றத்தில் பதிவு செய்யப்பட்டு, எதிர்த்தரப்பிற்கும் பழைய வழக்கறிஞருக்கும் அனுப்பப்படும் வரை, பழைய வழக்கறிஞரே நம் வழக்கறிஞராகக் கருதப்படுவார். வாய்ச்சொல்லால் மட்டும் மாற்றம் நிகழ்ந்துவிடாது என்பதை நாம் மறத்தலாகாது.

மாற்றத் தக்க காரணங்கள்

வழக்குத் தாமதமாவது எப்போதும் வழக்கறிஞரின் குற்றமன்று. மருத்துவமனையின் அறிக்கை வரவில்லை என்றாலும், போலீஸ் புலன்விசாரணைப் பத்திரங்கள் கிடைக்கவில்லை என்றாலும், நீதிமன்றம் நாள் தள்ளி வைத்தாலும் வழக்கு நிற்கும். புதிய வழக்கறிஞர் வந்தாலும் இவற்றுக்காகக் காத்திருக்கத்தான் வேண்டும். மேலும், நமக்கு விருப்பமில்லாத உண்மையைக் கூறுகிறார் என்பதற்காக ஒருவரை விலக்குவதும் சரியன்று. "இவ்வழக்கில் பெருந்தொகை கிடைக்காது" என்று நேர்மையாகச் சொல்பவர், "எல்லாம் கிடைக்கும்" என்று ஆசை காட்டுபவரைவிட மேலானவர்.

ஆனால் பின்வரும் நிலைகளில் மாற்றத்தைப் பற்றி நாம் தீவிரமாகச் சிந்திக்க வேண்டும்:

நாம் எழுதிக் கேட்ட பின்னரும் மாதக்கணக்கில் மறுமொழி இல்லாமை. விசாரணை நாளன்று தக்க காரணமின்றி வழக்கறிஞரோ அவர் அனுப்பும் வேறொருவரோ முன்னிலையாகாமை. நம் சம்மதமின்றி எதிர்த்தரப்புடன் சமாதானத் தொகை பேசி முடித்தல். வந்த பணத்திற்குக் கணக்குக் காட்டாமை. நமக்கு எதிராக உள்ள நிர்வாகத்திற்கோ காப்புறுதி நிறுவனத்திற்கோ அதே விவகாரத்தில் அவரும் வேலை செய்தல்.

இன்னொன்றும் உண்டு. "எனக்கு முன்பணம் வேண்டாம், கிடைக்கும் இழப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கு கொடுங்கள்" என்று கேட்பது நம் நாட்டில் அனுமதிக்கப்படவில்லை. 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் அத்தகைய பங்கு ஒப்பந்தங்களைத் தடை செய்கிறது. மருத்துவமனை வாசலிலும் லயத்து வாசலிலும் வந்து நின்று, வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்கும் இடைத்தரகர்களிடம் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். தரகர் மூலம் வழக்குப் பிடிப்பது வழக்கறிஞர் தொழில் ஒழுக்கத்திற்கு மாறானது. இவ்வாறு நம்மிடம் வந்து சேர்ந்த வழக்கறிஞரை நாம் தேர்ந்தெடுத்ததாகவே சொல்ல முடியாது.

முதலில் எழுதிக் கேட்போம்

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பர் நம் முன்னோர். மாற்ற வேண்டும் என்று தோன்றியவுடன் மாற்றிவிடாமல், முதலில் ஒரு கடிதம் எழுத வேண்டும். அது தமிழிலன்றி மலாய் மொழியிலோ ஆங்கிலத்திலோ இருப்பது நல்லது. தோட்டத்தில் படித்த பிள்ளைகள் உதவலாம். கடிதத்தில் நான்கு கேள்விகள் போதும்: என் வழக்கின் எண் என்ன? எந்த நீதிமன்றத்தில் உள்ளது? அடுத்த நாள் என்று? இதுவரை செய்தவை யாவை? இரண்டு வாரங்களுக்குள் பதில் வேண்டும் என்று குறிப்பிட்டு, பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதையும் ஒரு படியையும் பத்திரப்படுத்த வேண்டும். பல வேளைகளில் இக்கடிதமே காரியத்தை முடித்துவிடும். பதில் வராவிட்டால், அக்கடிதமே பின்னர் நமக்குச் சான்றாகும்.

வழக்கு எண் தெரிந்தால், நீதிமன்றப் பதிவலுவலகத்தில் நாமே சென்று வழக்கின் நிலையைக் கேட்கலாம். வழக்கே பதிவு செய்யப்படவில்லை என்று தெரியவருமானால், காலம் தாழ்த்தலாகாது.

காலக்கெடு மிக முக்கியம்

வழக்கறிஞரை மாற்றுவதால் சட்டம் விதித்த காலக்கெடு ஒரு நாளும் நீளாது. தீபகற்ப மலேசியாவில், கவனக்குறைவால் நேர்ந்த காயத்திற்கான வழக்கை 6 ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். விபத்தில் ஒருவர் இறந்து, அவரை நம்பியிருந்த குடும்பத்தினர் இழப்பீடு கேட்பதாயின் இறந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளே உண்டு. அரசாங்கத்தின் மீதோ அரசாங்க அலுவலர் மீதோ தொடுக்கும் வழக்குக்கு 36 மாதங்கள். தக்க காரணமின்றி வேலைநீக்கம் செய்யப்பட்டவர் தொழில் உறவுத் துறையில் 60 நாட்களுக்குள் முறையிட வேண்டும். செஷன்ஸ் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்திற்கு மேல்முறையீடு செய்ய 14 நாட்களே.

எடுத்துக்காட்டாக, சிம்பாங் பூலாய் சாலையில் லாரி மோதி ஒரு தொழிலாளி இறந்தார் என்று வைத்துக்கொள்வோம். அவர் மனைவி இரண்டு ஆண்டுகள் பத்து மாதங்கள் பொறுத்திருந்த பின்னர் வழக்கறிஞரை மாற்ற நினைக்கிறார். வழக்கு இன்னும் பதிவாகவில்லை. இந்நிலையில் அவருக்கு எஞ்சியிருப்பவை இரண்டே மாதங்கள். பழைய வழக்கறிஞருடன் கட்டணத்தைப் பற்றி வாதாடுவதற்கு முன், புதிய வழக்கறிஞர் வழக்கைப் பதிவு செய்வதே முதற்கடமையாகும். கோபம் காத்திருக்கலாம், காலக்கெடு காத்திராது.

விசாரணை நெருங்கிய வேளையில் மாற்றுவதும் ஆபத்தானது. இதற்கு நாடறிந்த எடுத்துக்காட்டு உண்டு. முன்னாள் பிரதமர் டத்தோ ஸ்ரீ நஜிப் ரசாக் அவர்களின் எஸ்.ஆர்.சி. வழக்கு மேல்முறையீடு 2022 ஆகஸ்டு 15 முதல் கூட்டரசு நீதிமன்றத்தில் விசாரிக்கப்படுவதாக இருந்தது. ஜூலை மாத இறுதியில் அவர் வழக்கறிஞர் நிறுவனத்தை மாற்றினார். புதியவர்கள் வழக்கைப் படிக்கச் சில மாத அவகாசம் கோரினர். நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. ஆகஸ்டு 23-ஆம் நாள் மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று. மறுஆய்வு மனுவும் 2023 மார்ச் 31-இல் பெரும்பான்மைத் தீர்ப்பால் தள்ளுபடியாயிற்று. அவ்வழக்கின் மற்றக் கூறுகள் நம் கட்டுரைக்குரியன அல்ல. வழக்கறிஞரை மாற்றும் உரிமை இருப்பினும், அதைக் காரணம் காட்டி நீதிமன்றத்தின் நாளை மாற்றும் உரிமை எவருக்கும் இல்லை என்பதே நாம் அறிய வேண்டிய பாடம்.

மாற்றும் முறை

1. முதலில் புதிய வழக்கறிஞரைக் கண்டறிய வேண்டும். பிறகே பழையவரை விலக்க வேண்டும். இடையில் எவரும் இல்லாத நிலை கூடாது. புதியவர் தொழில் நடத்தும் சான்றிதழ் பெற்றவர்தாமா என்பதை வழக்கறிஞர் மன்றத்தில் கேட்டு அறியலாம்.

2. கையில் உள்ள கடிதங்கள், ரசீதுகள், போலீஸ் புகார், மருத்துவச் சான்றுகள் அனைத்தையும் எடுத்துச் செல்ல வேண்டும். முன்பு ஒருவர் இவ்வழக்கை நடத்தினார் என்பதை மறைத்தலாகாது. கட்டணம் எவ்வளவு என்பதை எழுத்தில் பெறுதல் வேண்டும்.

3. பழைய வழக்கறிஞருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். பழிச்சொற்கள் வேண்டா. "என் வழக்கை இனி இன்னார் நடத்துவார். என் கோப்பை அவரிடம் ஒப்படைத்து, கட்டணப் பட்டியலை அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்பதே போதுமானது.

4. புதிய வழக்கறிஞர் மாற்ற அறிவிப்பை நீதிமன்றத்தில் பதிவு செய்வார். பதிவாகிய அறிவிப்பின் படியொன்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

5. செய்த வேலைக்குரிய நியாயமான கட்டணத்தைச் செலுத்துவது நம் கடமை. பாக்கி இருக்குமாயின் கோப்பைத் தம்மிடம் நிறுத்தி வைக்கும் உரிமை நம் நாட்டு வழக்கறிஞருக்கு உண்டு. இந்தியாவில் நிலைமை வேறு. 2000-ஆம் ஆண்டில், ஒரு கூட்டுறவு வங்கிக்கும் அதன் சட்ட ஆலோசகர் ஆர்.டி. சக்சேனாவுக்கும் இடையிலான வழக்கில், கட்டணப் பாக்கிக்காகக் கோப்பைத் தடுத்து வைக்கும் உரிமை வழக்கறிஞருக்கு இல்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இங்கோ, வழக்கு முடிந்ததும் பாக்கி தீர்க்கப்படும் என்று புதியவர் பழையவருக்கு உறுதி எழுதிக் கொடுத்துக் கோப்பைப் பெறுவது வழக்கத்தில் உள்ளது. கட்டணம் மிகையெனத் தோன்றினால், அதனை நீதிமன்றம் பரிசீலித்து மதிப்பிடுமாறு கோரலாம். பட்டியல் கைக்கு வந்து 6 மாதங்களுக்குள் இதனைச் செய்தல் வேண்டும்.

பணவசதி இல்லாதவர்கள்

எல்லாச் சிக்கலுக்கும் வழக்கறிஞர் தேவை என்பதும் இல்லை. சம்பளப் பாக்கிக்குத் தொழிலாளர் அலுவலகத்தில் நாமே முறையிடலாம். வேலையிடக் காயத்திற்குப் பெர்கேசோவில் நாமே விண்ணப்பிக்கலாம். வேலைநீக்க முறையீட்டில் தொழிற்சங்கம் தன் உறுப்பினருக்காக வாதாடும். நீதிமன்ற வழக்குகளுக்கு, 1971-ஆம் ஆண்டுச் சட்ட உதவிச் சட்டத்தின்கீழ் இயங்கும் சட்ட உதவித் துறையை நாடலாம். வருமானத்தைப் பொறுத்து உதவி கிடைக்கும். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களும் உள்ளன. இவற்றின் மூலம் வழக்கறிஞர் பெற்றவர், குறை இருப்பின் தாமே வேறொருவரை அமர்த்திக்கொள்ளாமல், அத்துறையிடமே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

பணம் கையாடப்பட்டால்

இழப்பீட்டுத் தொகை வழக்கறிஞரின் கட்சிக்காரர் கணக்கிற்கு வருவது வழக்கம். அது அவருடைய சொந்தப் பணமன்று. அத்தொகையைத் தராமல் ஏமாற்றுவாராயின், வழக்கறிஞரை மாற்றுவது மட்டும் போதாது. போலீசில் புகார் செய்யலாம். வழக்கறிஞர் ஒழுங்கு நடவடிக்கை வாரியத்திற்கு எழுத்து மூலம் முறையிடலாம். வழக்கறிஞரின் நேர்மையின்மையால் பணம் இழந்தோர்க்கு உதவ, 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஓர் இழப்பீட்டு நிதியும் உள்ளது. ஆனால் ஒழுங்கு வாரியம் வழக்கறிஞரின் நடத்தையை விசாரிக்குமேயன்றி, நம் வழக்கை நடத்தித் தராது என்பதை நினைவிற்கொள்க.

வழக்கறிஞர்களில் மிகப் பலர் நேர்மையாக உழைப்பவர்களே. அவர்களிடம் கேள்வி கேட்பது அவமதிப்பன்று. அது கட்சிக்காரரின் கடமையாகும். இன்றே வீட்டில் ஒரு கோப்பை வாங்கி வைத்து, வழக்கு எண், விபத்து அல்லது வேலைநீக்கம் நேர்ந்த நாள், காலக்கெடு முடியும் நாள் ஆகிய மூன்றையும் அதன் மேலட்டையில் எழுதி வைப்போமாக. அவ்வொரு பக்கத்தைப் பார்த்தாலே, பொறுத்திருப்பதா மாற்றுவதா என்பதை நாமே முடிவு செய்ய இயலும்.